எங்கள் வீட்டிலிருந்து ஒரே ஓட்டு

வெள்ளிக்கிழமை இரவு, திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் படம் பார்க்கிற இரவு. காளி கோயிலுக்குப் போய் வந்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு முடித்து, மாமி தன் சாய்மனைக் கதிரையை ரிவிக்கு நேரே இழுத்துப் போட்டுவிட்டார் என்றால் தொடங்கலாம். மொத்தம் ஆறு பேர். என் அம்மா, மாமி, கணவர், ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்ஸை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் மகன், தரம் பத்தில் படிக்கும் மகள், நான்.

எந்தப் படம் என்பதில்தான் எப்போதும் இழுபறி. இணையத்தில் ஆட்கள் பத்துக்குப் போட்ட மார்க்கைக் காட்டி மகன் ஃபோனை நீட்டுவான். "அம்மா, இதுக்கு 8.4 இருக்கு, இதைப் பாப்பம்." சரி, பார்ப்போம். அரை மணித்தியாலத்தில் அம்மா கொட்டாவி விடுவார், மாமி குறட்டை விடுவார், மகள் தன் ஃபோனுக்குள் போய்விடுவாள். அப்படி ஒரு 8.4 முடிந்த இரவில் எனக்குக் கோபம் வந்தது. சுவரில் தொங்கிய போன வருடக் கலண்டரைக் கழற்றி, பின்பக்கத்தில் கோடு இழுத்து ஆறு பெயரை எழுதினேன். இனி ஒவ்வொரு படமும் முடிந்த கையோடு ஆறு பேரும் பத்துக்கு மார்க் போட வேண்டும். நான் வேலை செய்வது கணக்குப் பிரிவில். எதையும் அட்டவணை போட்டுப் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும்.

முதல் வாரம் பார்த்தது ஒரு சண்டைப் படம். பெயர் தேவையில்லை, அப்படி வருடத்துக்கு நாற்பது வருகிறது.

"அம்மா, உங்கட மார்க்?"

"பாவம், எவ்வளவு பாடுபட்டு எடுத்திருப்பாங்கள். எட்டுப் போடு பிள்ளை."

மாமியும் எட்டு என்றார். "மாமி, நீங்க நித்திரையெல்லோ?" என்று மகள் கேட்டதும் — அவளும் என்னைப் பார்த்துப் பழகி அப்பம்மாவை மாமி என்றுதான் கூப்பிடுவாள் — "கண்ணை மூடிக்கொண்டு கேட்டனான்" என்றார். கணவர், "பரவாயில்லை. அஞ்சு." அவருக்கு என் சமையல், அரசாங்கம், இலங்கை கிரிக்கெட் அணி எல்லாமே பரவாயில்லைதான். மகன், "படு மொக்கை. ரெண்டு." படத்தைத் தேர்ந்தெடுத்தவனே அவன்தான். மகள் ஏழரை போட்டாள். அந்த அரை எதற்கு என்று கேட்டேன். "ஹீரோயின்ட சாரிக்கு." நான் ஆறு போட்டேன்.

கூட்டி ஆறால் பிரித்தால் ஆறு தசம் ஒன்று வருகிறது. அந்த ஆறு தசம் ஒன்றை யாராவது உணர்ந்தோமா என்றால், கிட்டத்தட்ட நான் ஒருத்திதான், எனக்கும் அன்றைக்குத் தலையிடி. ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு விசயம். நான் கலண்டரில் எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில் மகன் தன் ஃபோனில் அந்தப் படத்துக்கு இரண்டு போட்டுக்கொண்டிருந்தான். மற்ற ஐந்து பேரில் ஒருவருக்கும் அப்படிப் போடுகிற பழக்கம் இல்லை. அம்மாவுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. ஆறு பேர் பார்த்த படத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து இணையத்துக்குப் போனது ஒரே ஓட்டு, அதுவும் பத்தொன்பது வயது ஆண்பிள்ளையின் ஓட்டு.

என் சின்ன வயதிலும் இதே கதைதான். தொண்ணூறுகளில் ஊர்த் தியேட்டருக்குப் புதுப் படம் வந்தால் முதலில் போகிறவர்கள் அண்ணாவும் அவருடைய கூட்டாளிகளும். படம் விட்டதும் டச்சுக்குடாக் கடற்கரைச் சுவரில் ஏறி இருந்து, கச்சான் கோதை உடைத்து எறிந்துகொண்டே தீர்ப்பு எழுதுவார்கள். அடுத்த நாள் காலையில் அது ஊருக்கே தெரிந்திருக்கும். படம் ஓடும், அல்லது படுத்துவிட்டது. பெண்பிள்ளைகள் தியேட்டருக்குப் போவதென்றால் பகல் காட்சிக்கு, வீட்டோடு திரண்டு, அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு. அப்படி எத்தனை முறை நடக்கும்? நாங்கள் பார்த்ததெல்லாம் வீடியோ கசற்றில். யார் வீட்டிலாவது அதை ஓடவிடுகிற டெக் வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு இரவுக்கு மூன்று படம். காசு கொடுத்து எடுத்ததால் மூன்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும். மூன்றாவது படம் முடியும்போது கோயில் மணி கேட்கும்.

எங்கள் தீர்ப்பு கிணற்றடியில். அங்கே அளவுகோலே வேறு. "பிள்ளையளோட இருந்து பார்க்கலாம்" என்பது ஒரு தரம். அதற்கு மேலே லேஞ்சிக் கணக்கு, அழுது எத்தனை கைக்குட்டை நனைந்தது என்று. பெரியம்மா ஒரு படத்தை "ரெண்டு லேஞ்சிப் படம்" என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு விமர்சகரும் பேச வேண்டியதில்லை. அண்ணா கூட்டம் முதல் நாளே குப்பையில் போட்ட எத்தனையோ படங்கள் கசற்றுக் கடையில் வருடக் கணக்கில் கை மாறிக்கொண்டே இருந்தன. அப்படிப்பட்ட கொப்பியை டெக்கில் போட்டால் உடனே தெரிந்துவிடும். ஆறேழு நிமிடம் படம் பளிச்சென்று ஓடும். பிறகு ஓரிடத்தில் திரை முழுக்க வெள்ளைக் கோடு விழும், குரல் இழுபடும். அதுதான் அழுகிற கட்டம். நாங்கள் மட்டுமா, எங்களுக்கு முன் எடுத்த ஒவ்வொரு வீட்டிலும் பின்னுக்கு ஓடவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்து நாடா தேய்ந்திருக்கும். ஊர்ப் பெண்கள் போட்ட மார்க் அந்தக் கோடுகளில் இருந்தது. அதை யாரும் எண்ணவில்லை.

முதல் நாள் கூட்டத்தின் தீர்ப்பையே தொழிலாகச் செய்கிற ஓர் அமெரிக்க நிறுவனம் இருக்கிறது. சினிமாஸ்கோர் என்று பெயர். எட் மின்ட்ஸ் என்பவர் 1979இல் தொடங்கியது. பத்திரிகை விமர்சகரை விட்டுவிட்டு, காசு கொடுத்துப் பார்த்த சனத்திடம் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். முதல் நாள் படம் விட்டு வருகிறவர்களிடம் ஒரு சின்ன அட்டையைக் கொடுப்பார்கள். கிழித்தோ மடித்தோ பதில் சொல்லலாம். அந்த யோசனை அவருக்கு யூதக் கோயிலில் திருநாளன்று நன்கொடைக்காகக் கொடுத்த அட்டையைப் பார்த்து வந்ததாம். படத்துக்கு ஏ முதல் எஃப் வரை ஒரு தரம், கூடவே வயது, ஆணா பெண்ணா என்ற கேள்வி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் நாளே அடித்துப் பிடித்துப் போகிறவர் அந்தப் படத்துக்காகக் காத்திருந்தவர். அவர் கை தாராளமாகத்தான் இருக்கும். அதே அட்டையை அந்த நாளில் எங்கள் ஊர்த் தியேட்டர் வாசலில் கொடுத்திருந்தால், வயது பதினெட்டு, ஆண். வயது இருபது, ஆண். அண்ணாவின் கூட்டாளிகளின் பெயர்ப் பட்டியல் கிடைத்திருக்கும்.

கலண்டர் விவகாரம் தொடங்கி ஒன்றிரண்டு மாதத்தில் எனக்குப் பித்து முற்றிவிட்டது. நம் ஆறு பேரை வைத்து என்ன தெரியும், பெரிய கணக்கு ஒன்று கிடைக்காதா என்று தேடினேன். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆட்கள் நடத்துகிற மூவிலென்ஸ் என்ற தளத்தின் பழைய தரவு ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டில் சேர்ந்த 6,040 பேர் போட்ட 1,000,209 மார்க்குகள். எக்செலில் ஒரு தாளுக்கு 1,048,576 வரிசைதான் இடம், எனவே மயிரிழையில் அடங்கியது. யார் எந்த வயது, ஆணா பெண்ணா என்பது வேறு கோப்பில் இருந்தது. இரண்டையும் பொருத்தச் சொல்லிவிட்டு நான் போய்க் குளித்து, அரிசி களைந்து, உலை வைத்து வந்து பார்த்தபோதும் லாப்டொப் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

முடிவு வந்ததும் முதலில் திடுக்கிட்டேன். வயது நிரலில் 1 என்று இருந்தது. ஒரு வயதுக் குழந்தை படத்துக்கு மார்க் போடுமா? பிறகுதான் விளக்கக் குறிப்பைப் படித்தேன். 18க்குக் கீழே உள்ள எல்லோருக்கும் 1 என்று குறி கொடுத்திருக்கிறார்கள்.

6,040 பேரில் பெண்கள் 1,709. நூற்றுக்கு 28. அவர்கள் போட்ட மார்க்குகளோ நூற்றுக்கு 25க்கும் கொஞ்சம் குறைவு. ஆளும் குறைவு, ஆளுக்குப் போட்டதும் குறைவு. சரி, மார்க் எப்படி? ஐந்துக்கு, பெண்களின் சராசரி 3.62, ஆண்களின் சராசரி 3.57. ஒரு மார்க்கை நூறாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு வித்தியாசம், அவ்வளவுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ரசனை மலைக்கும் மடுவுக்கும் என்று கதைக்கிறவர்கள் இந்த இடத்தில் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

நானும் சொறிந்தேன். பிறகு படம் படமாகப் பிரித்துப் பார்த்தேன். அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. 'டேர்ட்டி டான்சிங்' என்ற காதல் நடனப் படத்துக்குப் பெண்கள் 3.79, ஆண்கள் 2.96. 'த குட், த பேட் அண்ட் த அக்லி' என்ற துப்பாக்கிப் படத்துக்கு ஆண்கள் 4.22, பெண்கள் 3.49. ஒன்றில் இவர்கள் மேலே, மற்றதில் அவர்கள் மேலே. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் உப்பும் புளியும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகிறது. சண்டை நடந்த அடையாளமே சராசரியில் இல்லை.

வயதுதான் எனக்கு ஆச்சரியம். 18 முதல் 24 வயதினரின் சராசரி 3.51. அதுதான் இருப்பதிலேயே குறைவு. 35இலிருந்து 44 வரை 3.62. 50இலிருந்து 55 வரை 3.71. 56உம் அதற்கு மேலும் 3.77. இருபதுகளின் தொடக்கத்திலிருந்து படி படியாக ஏறுகிறது, இடையில் ஓரிடத்திலும் சறுக்கவில்லை. ஆண் பெண் இடைவெளியைப் போல ஐந்து மடங்கு. அமெரிக்காவில் இருபத்தைந்து வருடத்துக்கு முன் போட்ட மார்க்கை வைத்து உவர்மலையை அளக்க முடியாதுதான். ஆனால் என் கலண்டரில் அம்மாவும் மாமியும் எட்டில் நிற்க, மகன் இரண்டில் கிடந்ததை நினைத்துச் சிரிப்பு வந்தது.

வயது போனால் மனம் இளகிவிடும் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அம்மாவை நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். பிடிக்காத படத்தை அவர் பார்ப்பதே இல்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு "நான் பல்லு மினுக்கிப்போட்டு வாறன்" என்று எழும்புவார். வரமாட்டார். அப்படி எழும்பிப் போன படங்களுக்குக் கலண்டரில் அம்மாவின் கட்டம் வெறுமையாக இருக்கிறது. கடைசி வரை இருந்து பார்த்த படத்துக்குத்தான் எட்டு. மகனோ எந்தக் குப்பையையும் முழுக்கப் பார்த்துவிட்டுத் திட்டுவான். திட்டுவதற்காகவே முழுக்கப் பார்ப்பான். வயதானவர் தனக்குப் பிடிக்கும் என்று தெரிந்ததை, ஐம்பது வருடம் கழித்தும் ஆட்கள் பேசுகிற பழைய படத்தை எடுத்துப் போடுகிறார். இளையவர் இந்த வாரம் வந்ததைப் பார்க்கிறார். ஒரே மனம் இருந்தாலும் இரண்டு பேருக்கும் சராசரி வேறாகத்தான் வரும்.

இன்னொன்றும் அந்தக் குறிப்பில் கண்ணில் பட்டது. 20 படத்துக்குக் குறைவாக மார்க் போட்டவர்களை இந்தத் தரவில் சேர்க்கவே இல்லை. அதாவது அம்மா அமெரிக்காவில் பிறந்து, கம்பியூட்டர் படித்து, ஏதோ ஒரு நல்ல நாளில் மூன்று படத்துக்கு மார்க் போட்டிருந்தாலும் கணக்கில் வந்திருக்க மாட்டார்.

வயது ஒரே ஆளையும் இரண்டாக்குகிறது. பதினேழு வயதில் நான் கசற்றில் மூன்று முறை பார்த்து உருகிய ஒரு காதல் படத்தைப் போன மாதம் போட்டோம். ஹீரோ சைக்கிளில் அந்தப் பெண் போகிற இடமெல்லாம் பின்னால் போகிறான். பள்ளிக்கூடம், கோயில், தையல் வகுப்பு. அவள் வேண்டாம் என்கிறாள், அவன் பாட்டுப் பாடுகிறான். அன்றைக்கு எனக்கு அது காதலாக இருந்தது. இன்றைக்குப் பக்கத்தில் பதினைந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, இதுக்கா நீங்க அழுதனீங்க? இது பொலிசுக்குச் சொல்ற கேஸ்" என்றாள். அவள் போட்டது மூன்று. நான் பாட்டுகளுக்காக ஐந்து போட்டேன். கணவர் வழக்கம்போல ஐந்து. என்ன, அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே மார்க், ஆனால் ஒரே படத்தைப் பார்த்தோமா என்பது சந்தேகம்.

கணவரின் ஐந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கலண்டரில் நாலுக்குக் கீழே இறங்கியதும் இல்லை, ஆறுக்கு மேலே ஏறியதும் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு படத்துக்கு ஆறு போட்டால், அது அம்மாவின் பத்தை விடப் பெரிய விசயம். மகன் இப்போது வீட்டில் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிற சொல் இசட் ஸ்கோர். ஒரு பாடத்தில் எல்லோருக்கும் எண்பது வரும், இன்னொன்றில் ஐம்பதே பெரிய காரியம். இரண்டையும் அப்படியே கூட்டினால் அநியாயம் என்று 2001இலிருந்து ஏ.எல்.லுக்கு இந்தக் கணக்கு வந்தது. உன் மார்க்கிலிருந்து பாடத்தின் சராசரியைக் கழி, மார்க்குகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் பிரி. ஒரு இரவு அவனை உட்கார்த்தி, "எங்கட வீட்டு ஆறு பேருக்கும் இதைச் செய்து பார்" என்றேன். இங்கே பாடத்துக்குப் பதில் ஆள். ஒவ்வொருவரின் மார்க்கிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழிக்க வேண்டும். படப் பரிந்துரை செய்கிற மென்பொருள்காரர்களும் வெகுகாலமாகச் செய்கிற வேலைதான் இது. அவன் அரை மணித்தியாலத்தில் செய்துவிட்டு வாயைப் பிளந்தான். நாங்கள் ஆறு பேரும் அடிபட்டுக்கொண்ட படங்கள் பலவற்றில் உண்மையில் சண்டையே இல்லை. அம்மாவின் ஏழும் கணவரின் நாலும் ஒரே சலிப்புத்தான்.

ஆனந்த விகடன் படத்துக்கு நூற்றுக்கு மார்க் போட்டு வந்தது. '16 வயதினிலே'க்கு 62.5 போட்டதை இன்றைக்கும் ஆட்கள் சிலாகிக்கிறார்கள். எனக்கு இப்போதுதான் அதன் அருமை விளங்குகிறது. கறாரான வாத்தியார் என்று தெரிந்தால் 62.5 எவ்வளவு பெரியது என்று தெரியும். முகம் தெரியாத பத்தாயிரம் பேரின் 8.4இல் எத்தனை அம்மா, எத்தனை என் மகன், யாருக்குத் தெரியும்?

மகனிடம் கேட்டால் அவனே ஒப்புக்கொள்வான். அவனும் கூட்டாளிகளும் தங்கள் நடிகர் படத்துக்குப் பத்து, மற்றவர் படத்துக்கு ஒன்று. படம் வருவதற்கு முன்பே போட்டதும் உண்டாம். வெளிநாட்டிலும் இதே கூத்துத்தான். 2016இல் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தை நான்கு பெண்களை முன்னிறுத்தித் திரும்ப எடுத்தார்கள். அது அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வருமுன்பே, யாரும் படங்களுக்கு மார்க் போடக்கூடிய ஐஎம்டிபி தளத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஓட்டு விழுந்திருந்தது. வோல்ட் ஹிக்கி என்ற பத்திரிகையாளர் அதைப் பிரித்துப் பார்த்தார். ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்கள் போட்டது 3.6. ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பெண்கள் போட்டது 7.7. மொத்தச் சராசரி 4.1. யார் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம் சாய்ந்த எண். அவர் அப்படிப் பிரிக்க முடிந்ததற்குக் காரணம், அந்தத் தளம் அந்நாளில் ஆண், பெண், வயது வாரியாக மார்க்கைக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது காட்டுவதில்லை. எனக்கு இதில் வருத்தம்தான். ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்குமுன் 45க்கு மேற்பட்ட பெண்கள் என்ன போட்டார்கள் என்று மட்டும் பார்க்க முடிந்தால், என் வெள்ளிக்கிழமைகள் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

போன வெள்ளி மகன் தேர்ந்தெடுத்த படம் எல்லோருக்கும் பிடித்தது. அப்பனையும் மகனையும் பற்றிய கதை. அப்பன் கடன்பட்டு, அடிபட்டு, மகனைப் படிக்க வைக்கிறான். மாமி நித்திரை கொள்ளவில்லை. கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "ஆறு" என்றார். ஆறு! மகள் கை தட்டினாள். மகன் பத்து, மகள் எட்டரை, நான் எட்டு, மாமி ஒன்பது. அம்மா எழும்பிப் பல்லு மினுக்கப் போகாமல் கடைசி வரை இருந்தார். எட்டு என்று நானே எழுதப் போனேன்.

"பொறு பிள்ளை. அந்தப் பொடியன்ட தாய் எங்க?"

ஒருவரும் பேசவில்லை. செத்துப் போனாரா, விட்டுப் போனாரா, படத்தில் ஒரு வார்த்தை இல்லை. சுவரில் ஒரு போட்டோ கூட இல்லை.

"அம்மம்மா, அது கதைக்குத் தேவையில்லை" என்றான் மகன்.

"பெத்தவள் தேவையில்லையோ?"

மகன் ரிமோட்டை எடுத்துத் தொடக்கத்துக்கு ஓடவிட்டுத் தேட ஆரம்பித்தான். அம்மா என் கையிலிருந்த பேனையை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, தன் கட்டத்தில் தானே எழுதினார். இலக்கம் போடவில்லை. எழுத்தில், 'நாலு.'